16எஸ் ரீடுகளை ஒப்புமைப்படி கொத்துகளாகப் பிரிப்பது எப்படி

தோட்டத்து மண்ணோ புளித்த இட்லி மாவோ, அதில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று பார்க்க எல்லா பாக்டீரியாவுக்கும் பொதுவான 16எஸ் மரபணுவின் வி4 என்ற பகுதியை பிசிஆர் முறையில் நகலெடுத்துப் பெருக்கி, டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் இல்லுமினா மைசீக் கருவியில் ஓட்டினால், ஒவ்வொரு மாதிரிக்கும் பல்லாயிரம் ரீடுகள் (கருவி படித்த வரிசைகள்) வந்து குவியும். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பவற்றை ஒன்றாக்கிய பிறகும் ஆயிரக்கணக்கான தனி வரிசைகள் மிஞ்சும். அத்தனை வகை பாக்டீரியா அதில் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பிசிஆர் நொதி செய்த பிழை, கருவி தவறாகப் படித்த எழுத்து, ஒரே செல்லுக்குள் சற்றே வேறுபடும் நகல்கள் (ஈ. கோலையில் இந்த மரபணு 7 இடங்களில் இருக்கிறது) எல்லாம் கலந்த கூட்டம் அது. ஒத்திருப்பவற்றை ஒரு கொத்தில் சேர்த்து, கொத்துக்கு ஒரு பிரதிநிதியை நிறுத்தி, எந்த மாதிரியில் எந்தக் கொத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி அட்டவணை போடுவதுதான் நம் வேலை. அந்தக் கொத்தின் பெயர் ஓடியூ.

கொத்துப் பிரிக்கும் கட்டளை ஒரே ஒரு வரிதான். முக்கால்வாசி உழைப்பு அதற்கு முந்தைய சுத்தம் செய்வதில் போகும். கணக்கு கெட்டுப்போவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இங்கே விசர்ச் என்ற இலவச நிரலை எடுத்துக்கொள்கிறோம். ராபர்ட் எட்கரின் யூசர்ச்சுக்குத் திறமூல மாற்றாக எழுதப்பட்டு, 2016இல் பியர்ஜே இதழில் வெளியான நிரல் இது. அன்று யூசர்ச்சின் இலவசப் பதிப்பு 32 பிட் மட்டுமே. 4 ஜிபி நினைவகத்தைத் தாண்டாது. விசர்ச்சுக்கு அந்தத் தளை இல்லை. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். கொண்டா வைத்திருப்பவர்கள் பயோகொண்டாவிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். விசர்ச் கட்டளைகளை டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில், முன்னால் இரட்டைக் கோட்டோடு அடிக்க வேண்டும்.

எந்தச் சதவீதம்?

"97% ஒப்புமையில் பிரித்தோம்" என்று எழுதிவிட்டால் போதாது. எதை எதால் வகுத்த 97 என்று கேட்டால் நிரலுக்கு நிரல் பதில் மாறும்.

253 எழுத்துள்ள வரிசை ஒன்று. இன்னொன்று அதேதான், ஆனால் நடுவில் 3 எழுத்து விடுபட்டு 250 எழுத்து. விசர்ச்சின் இயல்பான கணக்கில் (ஐடிடெஃப் 2) பொருந்தும் எழுத்துகளை அலைன்மென்ட்டின் (இரு வரிசைகளையும் எழுத்துக்கு எழுத்து நேராக நிறுத்திய அமைப்பு) நீளத்தால் வகுக்கிறார்கள். ஓரத்து இடைவெளிகளை மட்டும் கழித்துவிடுவார்கள். 250/253, அதாவது 98.8%. சிடி-ஹிட் என்ற இன்னொரு நிரலின் பாணியில் (ஐடிடெஃப் 0) குட்டை வரிசையின் நீளத்தால் வகுத்தால் 250/250, முழு 100%. ஐடிடெஃப் 3 என்றால் இடைவெளி எவ்வளவு நீண்டாலும் ஒரே பிழை, 99.6% வரும். அந்த 3 எழுத்து நடுவில் இல்லாமல் கடைசியில் விடுபட்டிருந்தால் விசர்ச்சின் இயல்புக் கணக்கே 100% என்று சொல்லிவிடும்.

இந்தக் கடைசி விஷயம்தான் ஆபத்தானது. 100 எழுத்துத் துண்டு ஒன்று உள்ளே புகுந்துவிட்டால், ஓர இடைவெளிக்குக் கணக்கில்லாததால் அது முழு வரிசையோடு 100% பொருந்தியதாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வரும் நீள வடிகட்டலைத் தவிர்க்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

97 என்ற எண்ணே எங்கிருந்து வந்தது? 1994இல் ஸ்டாக்கிபிராண்டும் கோபெலும் முழு 16எஸ் மரபணுவையும் டிஎன்ஏ-டிஎன்ஏ கலப்புச் சோதனையையும் ஒப்பிட்டு, 97%க்குக் கீழே போனால் இரண்டும் ஒரே சிற்றினமாக இருக்காது என்றார்கள். 2006இல் ஸ்டாக்கிபிராண்டும் எபர்ஸும் அதை 98.7 முதல் 99 வரை உயர்த்தினார்கள். அதுவும் ஏறத்தாழ 1,540 எழுத்துள்ள முழு மரபணுவுக்கு. நம் கையில் இருப்பது வி4இன் 253 எழுத்து. ஆகவே ஓர் ஓடியூவை ஒரு சிற்றினம் என்று வாசிக்க முடியாது. ஷிகெல்லாவும் எஷெரிகியாவும் வி4இல் பிரியவே பிரியாது. பழைய ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டுமானால் 97ஐ வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு கட்டாயம் இல்லாவிட்டால் 99, அல்லது கீழே சொல்லும் யூநாய்ஸ் வழி நல்லது.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரு லட்சம் வரிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏறத்தாழ 500 கோடி ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் நீடில்மன்-வுன்ச் என்ற அலைன்மென்ட் முறையில் 253க்கு 253 கட்டம், அதாவது 64,000 கட்டங்கள் நிரப்ப வேண்டும். தூரங்களை ஜோடிக்கு 4 பைட் வீதம் எழுதிவைத்தாலே 20 ஜிபி. அதனால் விசர்ச் போன்றவை குறுக்குவழியில் போகின்றன. வரிசைகள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். ஏற்கெனவே இருக்கும் கொத்துத் தலைவர் யாரோடாவது வரம்புக்குள் பொருந்தினால் அந்தக் கொத்தில் சேரும். இல்லாவிட்டால் தானே புதுக் கொத்துக்குத் தலைவராகும். ஒப்பிடுவது தலைவர்களோடு மட்டும்.

எந்தத் தலைவரோடு முதலில் ஒப்பிடுவது என்பதை 8 எழுத்துச் சொற்களை வைத்து முடிவு செய்கிறது. 253 எழுத்து வரிசையில் இப்படிப்பட்ட சொற்கள் 246. ஓர் எழுத்து மாறினால் அதிகபட்சம் 8 சொற்கள் கெடும். 97% வரம்பில் 7 எழுத்து வரை மாறலாம் (246/253 என்பது 97.2%, 8 மாறினால் 96.8%, வெளியே). 7 எழுத்தும் தள்ளித்தள்ளி மாறினாலும் 56 சொற்கள் போக 190 சொற்கள் பொதுவாக இருந்தே ஆக வேண்டும். அதிகச் சொற்கள் பொதுவாக உள்ள தலைவர்களை வரிசையாக நிறுத்தி, மேலிருந்து ஒவ்வொன்றாக அலைன்மென்ட் செய்து பார்க்கும். இயல்பாக முதல் பொருத்தம் கிடைத்ததும் நிறுத்திவிடும் (மேக்ஸ்அக்செப்ட்ஸ் 1). 32 தோல்வி ஆனாலும் கைவிட்டுவிடும் (மேக்ஸ்ரிஜெக்ட்ஸ் 32). நெருங்கிய உறவுகள் நிறைந்த தரவில் இந்த 32ஐ 128, 256 என்று உயர்த்தினால் நேரம் கூடும். ஆனால் தவறவிட்ட பொருத்தம் குறையும்.

இந்த முறையின் பலவீனம் வரிசை வரும் ஒழுங்கு. க, ங, ச என்று மூன்று வரிசைகள். கவுக்கும் ஙவுக்கும் 4 எழுத்து வித்தியாசம். ஙவுக்கும் சவுக்கும் வேறு 4 எழுத்து. ஆக கவுக்கும் சவுக்கும் 8. க முதலில் வந்தால் அது தலைவர், ங அதோடு சேரும், ச வெளியே நின்று தனிக் கொத்து ஆகும். ங முதலில் வந்தால் மூன்றும் ஒரே கொத்து. அதே தரவு, அதே 97%, கொத்தின் எண்ணிக்கை மட்டும் வேறு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஒரே கொத்தில் இருக்கும் இருவர் தலைவரிடமிருந்து எதிரெதிர்த் திசையில் 7, 7 எழுத்து விலகியிருக்கலாம். அவர்களுக்குள் 14 வித்தியாசம், ஒப்புமை 94.5%தான்.

இதனால்தான் எண்ணிக்கை மிகுந்த வரிசையை முதலில் விடுகிறோம். பிழையில்லாத அசல் வரிசை அதிக முறை வரும், அதன் பிழை நகல்கள் குறைவாக வரும் என்ற நம்பிக்கையில் நடப்பது இது. விசர்ச்சில் க்ளஸ்டர்_சைஸ் என்ற கட்டளை எண்ணிக்கைப்படி அடுக்கும். க்ளஸ்டர்_ஃபாஸ்ட் நீளப்படி அடுக்கும். ஆம்ப்ளிகான் (பிசிஆரில் பெருக்கிய துண்டு) தரவுக்கு முன்னதுதான் சரி. பெயரில் வேகம் இருக்கிறதே என்று பின்னதை எடுத்தால், ஓர் எழுத்து கூடிப்போன பிழை ரீடு தலைவர் நாற்காலியில் உட்காரும்.

பிரைமரைக் கத்தரித்தல்

பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் ஒட்டி நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏதான் பிரைமர். 515எஃப், 806ஆர் பிரைமர்களால் பெருக்கிய துண்டில் முன்புறம் 19, பின்புறம் 20 எழுத்துகள் பிரைமருடையவை. அவை பாக்டீரியாவின் வரிசை அல்ல. நாம் ஊற்றிய திரவத்திலிருந்து வந்தவை. கட்அடாப்ட் நிரலால் இரு முனை ரீடுகளிலும் கத்தரித்து, பிரைமர் கிடைக்காத ரீடுகளைத் தள்ளிவிடும் ஆப்ஷனையும் போட வேண்டும்.

ஆனால் எர்த் மைக்ரோபயோம் புராஜெக்ட் முறையில் தயாரித்த லைப்ரரியில் (கருவியில் ஏற்றத் தயாராக்கிய டிஎன்ஏ) பிரைமரே ரீடில் வராது. கருவி அதற்கு அடுத்த எழுத்திலிருந்துதான் படிக்கத் தொடங்கும். அங்கே இந்த ஆப்ஷனைப் போட்டால் மொத்தத் தரவும் குப்பைக்குப் போகும். முதல் பத்து ரீடுகளைக் கண்ணால் பாருங்கள். எல்லாமே ஜிடிஜி என்று தொடங்கினால் பிரைமர் உள்ளே இருக்கிறது. டிஏசி என்று தொடங்கினால் ஏற்கெனவே போய்விட்டது.

ரீடுகளின் திசையையும் இப்போதே பார்க்க வேண்டும். சில லைப்ரரி முறைகளில் பாதி ரீடுகள் தலைகீழ் இழையிலிருந்து வரும். விசர்ச் இயல்பாக ஒரே திசையில்தான் ஒப்பிடும். திசை கலந்த தரவைக் கொடுத்தால் ஒவ்வொரு பாக்டீரியாவும் இரண்டு ஓடியூவாகத் தெரியும். ஓடியூ எண்ணிக்கை எதிர்பார்த்ததைப்போல் சரியாக இரு மடங்காக வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும். ஸ்ட்ராண்ட் ஆப்ஷனில் போத் கொடுத்துச் சமாளிக்கலாம். பிரைமரை வைத்து முன்கூட்டியே திருப்பிவிடுவது இன்னும் சுத்தம்.

இரு முனைகளை இணைத்தல்

2×250 ஓட்டத்தில் (துண்டை இரு முனைகளிலிருந்தும் 250 எழுத்து வீதம் படிப்பது) பிரைமர் கத்தரித்த பின் ஒருபுறம் 231, மறுபுறம் 230 எழுத்து. துண்டின் நீளம் 253. ஆக 208 எழுத்து ஒன்றன்மேல் ஒன்று படியும். அந்த 208 எழுத்தும் இரண்டு முறை வாசிக்கப்படுவதால் இணைத்த ரீடின் தரம் தனி ரீடைவிட நன்றாக இருக்கும். வி4 இவ்வளவு புழங்குவதற்கு இது முக்கியமான காரணம்.

ஃபாஸ்ட்க்யூ_மெர்ஜ்பேர்ஸ் கட்டளை படியும் பகுதியில் 10 முரண் வரைதான் இயல்பாக விடும். 208 எழுத்தில், அதுவும் ரீடின் வால் பகுதியில், 10ஐத் தாண்டுவது சாதாரணம். ஃபாஸ்ட்க்யூ_மேக்ஸ்டிஃப்ஸை 15 அல்லது 20 ஆக்கி உள்ளே விட்டு, தரத்தை அடுத்த படியில் பார்த்துக்கொள்வது மேல். இணைந்த ரீடுகள் பாதிக்கும் கீழே போனால் எண்ணைத் தளர்த்துவதற்கு முன், முன்-பின் கோப்புகளில் ரீடுகள் ஒரே ஒழுங்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் தனித்தனியாக வடிகட்டியிருந்தால் ஜோடி கலைந்திருக்கும்.

தர வடிகட்டல்

கருவி தான் படித்த ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தர எண் தரும்; எண் கூடக்கூடப் பிழை வாய்ப்பு குறைவு. சராசரித் தரம் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 250 எழுத்தில் 240க்குத் தரம் 40, மீதி 10க்குத் தரம் 3 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 38.5, பார்க்க அமோகம். ஆனால் தரம் 3 என்றால் இரண்டில் ஒன்று தவறு; அந்தப் பத்திலேயே ஐந்து எழுத்து பிழையாக இருக்கும். ஐந்து பிழை என்பது நம் 7 எழுத்து வரம்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

அதற்குப் பதிலாக எதிர்பார்ப்புப் பிழையைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் பிழைக்கான நிகழ்தகவை எடுத்து அப்படியே கூட்ட வேண்டியதுதான். 250 எழுத்தும் தரம் 30 என்றால் 0.25, எல்லாம் தரம் 20 என்றால் 2.5, மேலே சொன்ன ரீடுக்கு 5.04. ஃபாஸ்ட்க்யூ_ஃபில்டர் கட்டளையில் ஃபாஸ்ட்க்யூ_மேக்ஸ்ஈஈ 1.0 என்பது பரவலாகப் புழங்கும் வரம்பு. கூடவே ஃபாஸ்ட்க்யூ_மேக்ஸ்என்எஸ் 0 (எந்த எழுத்து என்று தெரியாததைக் குறிக்கும் 'என்' ஒன்றுகூட இருக்கக் கூடாது), குறைந்த நீளம் 245, அதிக நீளம் 260. வி4இல் பாக்டீரியா வரிசைகள் 253ஐ ஒட்டியே நிற்கும். அதற்கு வெகுதூரத்தில் நிற்பவை பெரும்பாலும் பிரைமர் ஒட்டுத்துண்டுகளோ, செடி, விலங்கு மரபணுவில் தவறிப் பெருகியவையோதான்.

இதே கட்டளையில் ரீலேபல் ஆப்ஷனால் ஒவ்வொரு ரீடுக்கும் மாதிரியின் பெயரைச் சூட்டிவிடுங்கள்: மண்1 என்ற மாதிரிக்கு மண்1.1, மண்1.2 என்று ஓடும் (கோப்பில் பெயர் ஆங்கில எழுத்தில்). பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதுவும் கூடாது. கடைசி அட்டவணையில் விசர்ச் மாதிரிப் பெயரை வாசிக்கும்போது இடைக்கோட்டில் வெட்டிவிடும். மண்-1, மண்-2, மண்-3 மூன்றும் மண் என்ற ஒரே பத்தியில் கூடிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

நகல்களை ஒன்றாக்கல்

டெரெப்_ஃபுல்லெங்த் கட்டளை, எழுத்து மாறாமல் ஒத்திருக்கும் ரீடுகளை ஒன்றாக்கி, தலைப்பின் கடைசியில் சைஸ்=412 என்பது போல எண்ணிக்கையை எழுதும். அதற்கு சைஸ்அவுட் கொடுக்க வேண்டும். முதலில் மாதிரி மாதிரியாகச் செய்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து மறுபடி செய்வது வழக்கம்.

அந்த இரண்டாம் சுற்றில்தான் பலரும் வழுக்குவது. சைஸ்இன் ஆப்ஷனை மறந்தால் நிரல் தலைப்பில் உள்ள எண்களைக் கண்டுகொள்ளாது. 412 முறை வந்த வரிசையும் ஒரு முறை வந்த வரிசையும் தலைக்கு ஒன்று என்றே எண்ணப்படும். மேலே சொன்ன "அதிகம் வந்தது முதலில்" என்ற ஒழுங்கு குலையும். அடுத்து வரும் கைமேராத் தேடலும் (ஒட்டுப்போட்ட போலி வரிசைகளைத் தேடுவது) குருடாகும். இங்கிருந்து கடைசிவரை ஒவ்வொரு கட்டளையிலும் சைஸ்இன், சைஸ்அவுட் இரண்டும் இருக்கின்றனவா என்று ஒரு முறை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

மொத்தத் தரவிலும் ஒரே ஒரு முறை வந்தவற்றை மின்யூனிக்சைஸ் 2 போட்டு இந்த இரண்டாம் சுற்றில் கழற்றிவிடலாம். பிழை ரீடுகளில் பெரும்பகுதி இந்த ஒற்றையாட்கள்தான். முதல் சுற்றிலேயே, மாதிரிக்குள்ளேயே கழற்றினால் தவறு: பத்து மாதிரிகளில் தலா ஒரு முறை வந்த உண்மையான அரிய பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். கழற்றுவது நிரந்தரமும் இல்லை. கடைசிப் படியில் அந்த ரீடுகளும் திரும்ப வந்து, பொருந்தும் கொத்தில் எண்ணப்படும்.

கைமேரா

பிசிஆரில் ஒரு சுற்று முடியும்போது இழை பாதியில் நின்றுவிட்டால், அந்த அரைத் துண்டு அடுத்த சுற்றில் வேறொரு பாக்டீரியாவின் இழையில் பிரைமராக ஒட்டிக்கொண்டு நீளும். தலை ஒன்று, வால் இன்னொன்று. இதில் படிப்புப் பிழை எதுவும் இல்லாததால் தர வடிகட்டல் பிடிக்காது. இரண்டு பெற்றோரிடமிருந்தும் 3%க்கு மேல் விலகியிருந்தால் கொத்துப் பிரித்தலும் பிடிக்காது. புது இனம் கண்டுபிடித்ததுபோல் மிடுக்காக அட்டவணையில் நிற்கும்.

யூகைம்_டெனோவோ இதை எண்ணிக்கையை வைத்துப் பிடிக்கிறது. பெற்றோர் கைமேராவைவிடக் குறைந்தது 2 மடங்கு வந்திருக்க வேண்டும் என்பது இயல்பான விதி. யூகைம்3_டெனோவோவில் அது 16 மடங்கு; அது யூநாய்ஸ் செய்த தரவுக்கானது, இங்கே அதை எடுக்க வேண்டாம். கூடவே யூகைம்_ரெஃப் கொண்டு சில்வா போன்ற நம்பகமான தரவுத்தளத்தோடு இன்னொரு முறை பார்க்கலாம். பிசிஆர் சுற்றுகளை 35லிருந்து 25க்குக் குறைக்க ஆய்வகத்தில் வழியிருந்தால் இந்த இரண்டு கட்டளைகளையும்விட அது பலன் தரும்.

கொத்தும் எண்ணிக்கையும்

இப்போதுதான் அந்த ஒரு வரி. க்ளஸ்டர்_சைஸ், உள்ளீடு கைமேரா நீக்கிய கோப்பு, ஐடி 0.97, சைஸ்இன், சைஸ்அவுட், சென்ட்ராய்ட்ஸ் என்பதில் தலைவர்களுக்கு ஒரு கோப்பு, யூசி என்பதில் யார் எந்தக் கொத்து என்ற பதிவுக்கு ஒரு கோப்பு. ஐடி என்பது 0 முதல் 1 வரையான பின்னம். 97 என்று அடித்தால் ஏற்காது. ரீலேபல் கொண்டு தலைவர்களுக்கு ஓடியூ1, ஓடியூ2 என்று பெயரிடுங்கள்.

பிறகு தர வடிகட்டலில் தேறிய எல்லா ரீடுகளையும், ஒற்றையாட்கள் உட்பட, யூசர்ச்_குளோபல் கட்டளையால் இந்தத் தலைவர்களோடு 0.97இல் பொருத்தி, ஓடியூடேப்அவுட் என்ற ஆப்ஷனால் அட்டவணையை எழுதச் சொல்லுங்கள். முடிவில் எத்தனை சதவீத ரீடு பொருந்தியது என்று திரையில் காட்டும். 90ஐ ஒட்டியோ மேலேயோ இருந்தால் நிம்மதி. 70க்குக் கீழே என்றால் திசைக் கலப்பு, மிஞ்சிய பிரைமர், வேறு மரபணுவின் கலப்பு என்ற ஒழுங்கில் தேடுங்கள்.

யூசி கோப்பைத் திறந்தால் பத்துப் பத்திகள். முதல் பத்தியில் எஸ் என்றால் தலைவர், எச் என்றால் உறுப்பினர், சி என்றால் கொத்தின் சுருக்கம். நான்காம் பத்தியில் ஒப்புமைச் சதவீதம், ஒன்பதாவதில் வரிசையின் பெயர், பத்தாவதில் அதன் தலைவர். கொத்து எண் 0இலிருந்து தொடங்கும். கொத்துகளை எண்ண எஸ் வரிகளை மட்டும், அல்லது சி வரிகளை மட்டும் எண்ண வேண்டும். இரண்டையும் சேர்த்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

எச் வரிகளின் நான்காம் பத்தியை ஒரு வரைபடமாகப் போட்டுப் பார்ப்பது பயனுள்ள பழக்கம். ஆரோக்கியமான தரவில் 99க்கு மேலே பெருங்குவியல் இருக்கும், கீழே போகப்போக மெலியும். 97ஐ ஒட்டி இன்னொரு குவியல் எழுந்தால், அந்த வரம்பு உண்மையான இரு குழுக்களை நடுவில் வெட்டுகிறது. எம்எஸ்ஏஅவுட் ஆப்ஷனில் அந்தக் கொத்தின் அலைன்மென்ட்டை எழுதவைத்துக் கண்ணால் பாருங்கள். எல்லா உறுப்பினர்களும் அதே இடங்களில் அதே எழுத்து மாறியிருந்தால் அது இன்னொரு பாக்டீரியா. ஆளுக்கொரு இடத்தில் சிதறி மாறியிருந்தால் பிழை.

சரிபார்க்க ஒரு குழாய்

ஒவ்வொரு ஓட்டத்திலும் உள்ளடக்கம் தெரிந்த மாதிரி ஒன்றையும் வெற்று மாதிரி ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். சைமோபயோமிக்ஸ் கலவையில் 8 பாக்டீரியாவும் 2 ஈஸ்ட்டும் இருக்கின்றன. 16எஸ்ஸில் எட்டை ஒட்டிய எண்ணிக்கையில் ஓடியூ வர வேண்டும். 60 வந்தால் எந்தப் படியோ ஒழுகுகிறது. அந்த 52 உபரியையும் பட்டியலிட்டால் காரணம் தானே தெரியும். எட்டின் அருகில் 4, 5% விலகி நிற்பவை பிழை ரீடுகள். இரண்டின் ஒட்டுப்போல் இருப்பவை கைமேரா. பக்கத்து மாதிரிகளில் ஏராளமாக இருந்து இங்கே ஐந்தாறு ரீடு மட்டும் தெரிபவை குறியீடு தாவியவை (எந்த மாதிரி என்று காட்டும் குறியீடு மாறிப்போன ரீடுகள்). ஃபைஎக்ஸ் என்ற 5,386 எழுத்து வைரஸின் துண்டுகள் தெரிந்தால் அது கருவியில் தரக் கட்டுப்பாட்டுக்காகச் சேர்த்தது, வடிகட்டி எறியலாம்.

இட்லி மாவு, இலை, வேர் என்று செடிப்பொருள் சார்ந்த மாதிரி என்றால் முதலிடத்து ஓடியூவே ஒரு பச்சையக் கணிகமாக (குளோரோபிளாஸ்ட்) இருக்கலாம். கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் பாக்டீரியா வழி வந்தவை, அவற்றுக்கும் 16எஸ் உண்டு, இதே பிரைமர்கள் அவற்றையும் பெருக்கும். வகைப்பாடு பார்த்து அந்த வரிகளை நீக்கிய பிறகுதான் விகிதம் கணக்கிட வேண்டும். உளுந்தின் கணிகத்தை ஏதோ சயனோபாக்டீரியா என்று எழுதிவிடுவது இந்தத் துறையில் எளிதில் நேரும் பிழை.

வேறு வழிகள், வேறு தரவுகள்

நிலையான வரம்பே பிடிக்காதவர்களுக்கு ஸ்வார்ம் என்ற நிரல் இருக்கிறது. ஓர் எழுத்து மட்டுமே மாறிய அண்டை வரிசைகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போய், எண்ணிக்கை இறங்கி மறுபடி ஏறும் பள்ளத்தில் சங்கிலியை அறுக்கும். தெரியாத எழுத்தைக் குறிக்கும் 'என்' உள்ள வரிசை ஒன்று இருந்தாலும் நின்றுவிடும். விசர்ச் பாணி சைஸ் தலைப்பைப் புரிந்துகொள்ள இசட் ஆப்ஷன் வேண்டும். விசர்ச்சிலேயே உள்ள க்ளஸ்டர்_யூநாய்ஸ், பிழைகளைக் கழித்து ஓர் எழுத்து வித்தியாசத்தையும் பிரித்துக் காட்டும். 8 முறைக்குக் குறைவாக வந்தவற்றை இயல்பாக ஒதுக்கிவிடும். மாதிரிகள் சிறியவையாக இருந்தால் அந்த 8ஐ 4 ஆக்கலாம்.

முழு மரபணுக்களின் தொகுப்பை, உதாரணமாக ஒரு மெட்டாஜீனோமிலிருந்து (மாதிரியில் உள்ள எல்லா உயிர்களின் மொத்த டிஎன்ஏ) கணித்த மரபணுக்களை, சுருக்க வேண்டுமானால் சிடி-ஹிட்-ஈஎஸ்டி எடுங்கள். அங்கே 95% ஒப்புமை, குட்டை வரிசையின் 90% மூடப்பட வேண்டும் என்பது வழக்கம்: சி 0.95, ஏஎஸ் 0.9 (இங்கே முன்னால் ஒற்றைக் கோடு; எஸ் பெரிய எழுத்து). சொல் நீளத்தை ஒப்புமைக்கு ஏற்ப மாற்றியே ஆக வேண்டும். 0.95 முதல் 1 வரை 10 அல்லது 11, 0.90 முதல் 0.95 வரை 8 அல்லது 9, 0.88 முதல் 0.90 வரை 7, 0.85 முதல் 0.88 வரை 6, 0.80 முதல் 0.85 வரை 5. நினைவகம் இயல்பாக 800 எம்பி. பெரிய கோப்பில் அது போதாமல் நின்றுவிடும், பெரிய எழுத்து எம்முக்கு 0 கொடுத்தால் தளையில்லை. டி 0 கொடுக்காவிட்டால் கொத்துக் கோப்பில் பெயர்கள் 20 எழுத்தில் துண்டிக்கப்பட்டு, எந்த மரபணு எது என்று பிறகு சேர்க்க முடியாமல் போகும். இந்த டி சிறியது. பெரிய டி, கணினி ஒரே நேரத்தில் ஓட்டும் த்ரெட்களின் எண்ணிக்கைக்கு. சிடி-ஹிட்டும் திணறும் அளவுக்குக் கோடிக்கணக்கில் வரிசைகள் என்றால் எம்எம்சீக்ஸ்2இன் லின்க்ளஸ்ட். அதன் நேரம் வரிசைகளின் எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில்தான் கூடும்.

ஆறு மாதம் கழித்துப் புது மாதிரிகள் வந்தால்

பழைய தரவும் புதிய தரவும் தனித்தனியே பிரிக்கப்பட்டிருந்தால் முதலில் வந்த ஓடியூ7க்கும் இரண்டாவதில் வந்த ஓடியூ7க்கும் சம்பந்தமே இல்லை. பெயர் ஒத்திருக்கிறதே என்று இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டக் கூடாது. வடிகட்டி முடித்த ரீடு கோப்புகள் கையில் இருந்தால், நகல் ஒன்றாக்கும் படியிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஓட்டுவதே நேர்வழி. முடியாவிட்டால் புதிய ரீடுகளைப் பழைய தலைவர்களோடு யூசர்ச்_குளோபலில் பொருத்தி, பொருந்தாதவற்றை நாட்மேட்ச்ட் ஆப்ஷனால் தனிக் கோப்பில் எடுத்து, அவற்றை மட்டும் பிரித்து, பழைய பட்டியல் முடிந்த எண்ணிலிருந்து புதுப் பெயர் கொடுங்கள். இதற்குப் பழைய தலைவர் கோப்பு, விசர்ச்சின் பதிப்பு எண், ஐடி, ஐடிடெஃப், மேக்ஸ்ரிஜெக்ட்ஸ், மேக்ஸ்ஈஈ, கத்தரித்த பிரைமரின் பெயர் எல்லாம் தேவைப்படும். அட்டவணை இருக்கும் அதே கோப்புறையில் ஓர் உரைக்கோப்பாக அவற்றை இன்றே எழுதிவைத்துவிடுங்கள்.